கணக்காய்வும் கைப்பழக்கமும்

நூலறிவு ஒன்றே தொழிலுக்குப் போதுமோ எனும் வினா பழைமையானது. ஆடிட்டர் என உலகம் வழங்கும் கணக்காய்வாளரது தொழில் வரலாறு இதற்குத் தக்க விடை பகர்தலின், அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

1854-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து தேயத்து எடின்பரோ நகரக் கணக்கர் சங்கம் அரச பட்டயம் பெற்றது. 1880-இல் இங்கிலாந்திலும் அத்தகைய கழகம் பட்டயம் எய்தியது. ஆங்கிலக் கழகத்தில் தேர்வில் தேறுதல் மட்டும் போதாது. முன்னாளில் தொழில் வல்லார் ஒருவர்க்கு ஒப்பந்தம் எழுதித் தந்து அவர்பால் ஐந்தாண்டு பயிலல் வேண்டியிருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார்க்கு மூன்றாண்டு. பயில்வோரே ஆசானுக்குப் பெரும்பொருள் அளிக்கும் வழக்கமும் இருந்தது. வறியார் மக்கட்கு வாயில் அடைபட்டது இதனாலென்க.

நம் நாட்டில் 1913-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், கணக்காய்வாளர்க்குத் தகுதி வேண்டுமென விதித்தது. 1918-இல் பம்பாயில் அரசாங்கக் கணக்கியல் டிப்ளமோ தோன்றிற்று. அத்தேர்வோடு மூன்றாண்டுப் பயிற்சியும் முடித்தாரே முழு உரிமைச் சான்றுக்கு உரியராயினர். 1949 ஜூலை 1 முதல் பட்டயக் கணக்கர் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரும் பயிற்சி முறை நிலைபெற்றது.

பயிற்சியின் இன்றியமையாமை யாதெனின், அமெரிக்க நாட்டில் 1938-இல் வெளிப்பட்ட மோசடியொன்றால் விளங்கும். மக்கெஸ்ஸன் அண்டு ராபின்ஸ் எனும் மருந்து வாணிக நிறுவனம் ஏட்டிற் காட்டிய சொத்து ஏறத்தாழ 8 கோடியே 70 லட்சம் டாலர். அதனுள் 1 கோடியே 90 லட்சம் வரை வெறும் பொய். கனடாவில் உளதாக எழுதிய சரக்கு யாண்டும் இலது. கணக்காய்வாளர் ஏடுகளை ஒத்துப் பார்த்தனரன்றிக் கிடங்கிற் சென்று கண்டிலர்; அக்கால வழக்கமும் அதனை வேண்டிற்றிலது. சரக்கை நேரிற் காண்டலும், கடன்பட்டாரை வினவி உறுதி செய்தலும் அங்கு 1939 முதலே முறையாயின. கிடங்கில் எதனை எண்ணுவது, யாரை எவ்வாறு வினவுவது, எவ்விடை ஐயத்திற்குரியது என்பவற்றைப் பாடநூல் ஓரளவே கூறும். மூத்தாரோடு உடன்சென்று பழகினார்க்கே அவை கைவரும்.

2023 ஜூலை 1 முதல் நம் நாட்டில் மூன்றாண்டுப் பயிற்சி இரண்டாண்டாகக் குறைந்தது. இளைஞர் விரைந்து தொழிலேறுதல் நன்றே. ஆயினும் காலம் குறைந்தமையின், பயிலும் அலுவலகத்தைத் தேர்தலில் கவனம் இருமடங்காதல் வேண்டும். பெயர்ப்பலகையின் பெருமை நோக்காது, பலவகைக் கணக்கும் பழகக் கிடைக்குமோ என்றே பெற்றோர் வினவுக.

முன்னாளில் பொருள் கொடுத்துப் பயின்றனர். இன்றோ பயில்வார்க்குக் குறைந்த அளவு உதவித்தொகை விதியாலேயே உண்டு. எனவே வறுமை தடையாதல் கூடாது. நம்மவருள் இத்தொழிலில் உயர்ந்தார் ஆண்டுதோறும் சிற்றூர் மாணவர் ஒருவரையேனும் தம்பால் ஏற்றுப் பழக்குவாராயின், அதனினும் சிறந்த குலத்தொண்டு பிறிதில்லை என்பது எம் துணிபு.