சமூகக் கதை

ஆட்டிசம் போன்ற வளர்ச்சிச் சவால்கள் உள்ள குழந்தையைப் பதறவைக்கும் ஒரு சூழலை முன்கூட்டியே பழக்கித் தரும் சிறு படப் புத்தகம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் இம்முறையை உருவாக்கினார். இன்று பள்ளி சேரும் வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கும் இது பயன்படுகிறது.

முடிவெட்டுவதையே எடுத்துக்கொள்ளலாம். பல குழந்தைகள் அலறித் துடிக்கும் இடம் அது. கதை இப்படிப் போகும்: நாற்காலியில் உட்காருவேன், கழுத்தில் துணி கட்டுவார்கள், மெஷின் ‘ர்ர்ர்’ என்று சத்தம் போடும், வெட்டிய முடி கழுத்தில் குத்தலாம், முடிந்ததும் வீட்டுக்குப் போவேன். பக்கத்துக்கு ஓரிரு வரி போதும். குழந்தை போகும் அதே கடையின் புகைப்படத்தை ஒட்டினால் இன்னும் நல்லது.

‘அழக்கூடாது’ என்று அதட்டுவது சமூகக் கதை ஆகாது. கட்டளைகளைவிட, என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று விவரிக்கும் வரிகளே மிகுந்திருக்க வேண்டும் என்கிறார் கிரே. ‘வலிக்கவே வலிக்காது’ என்ற பொய்யும் வேண்டாம். அடுத்த முறை குழந்தை புத்தகத்தையே நம்பாது.

எல்லாக் குழந்தைகளுக்கும் இது ஒரே அளவில் பலன் தருவதில்லை. சில நாள் முன்பிருந்தே, குழந்தை அமைதியாக இருக்கும்போது, மடியில் வைத்துப் படித்துக்காட்ட வேண்டும். அழுகை தொடங்கியபின் புத்தகத்தை விரிப்பதில் பயனில்லை.