மங்கிப் போன டெயில் லைட்டும் நூறு வருஷக் கதையும்

வண்டியில இருக்கிற எல்லா விளக்கும் ஓட்டுறவருக்கு ஏதோ ஒரு வகையில் கண்ணில் படும். ஹெட் லைட் மங்கினால் ரோடு தெரியாது. இண்டிகேட்டர் போனால் டிக் டிக் சத்தம் மாறிடும். டெயில் லைட் மட்டும் முழுக்க முழுக்க அடுத்தவனுக்காக எரியறது. அது எரியுதா, அழுது வடியுதா, செத்தே போச்சான்னு உள்ளே உக்காந்திருக்கிறவருக்குத் தெரியாது. இந்த ஒரு சிக்கலோடதான் மனுஷன் நூறு வருஷத்துக்கு மேலா மல்லுக்கட்டிட்டு இருக்கான். அந்தக் கதைதான் இன்னிக்கு. உங்க வண்டி விளக்கு மங்கினா எங்கே கை வைக்கணும்ங்கிறதும் கூடவே வரும்.

ராயக்கோட்டை வழியா ராத்திரி வண்டி ஓட்டினவங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கதை இல்லைன்னு புரியும். ஓசூருக்கும் தருமபுரிக்கும் நடுவில், கிருஷ்ணகிரி ரோடும் வந்து சேர்கிற ஊர். ஒரு பக்கம் தக்காளி ஏத்தின டெம்போ, ஒரு பக்கம் ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆள் ஏத்துற பஸ், நடுவில் டிரெய்லர் இழுத்துட்டுப் போற டிராக்டர். அந்த டிரெய்லருக்குப் பின்னாடி என்ன எரியுதுன்னு பைக்ல வர்றவனுக்குத்தான் தெரியும். பல சமயம் ஒண்ணுமே எரியாது.

சரி, கதைக்கு வருவோம். பின்னாடி சிவப்பு விளக்கு வைக்கிற பழக்கம் காருக்கு முன்னாடியே ரயிலில் இருந்தது. அங்கே அதுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரயில் ஸ்டேஷனைத் தாண்டும்போது கடைசிப் பெட்டியில் பகலில் பலகையும் ராத்திரியில் சிவப்பு விளக்கும் இருக்கான்னு பார்ப்பாங்க. இருந்தால் ரயில் முழுசா வந்து சேர்ந்தாச்சு. இல்லேன்னா நடுவில் பெட்டி கழண்டு பின்னாடி நிக்குதோன்னு சந்தேகப்படணும். ராயக்கோட்டை ஸ்டேஷனிலும் இதே விதிதான். ஓட்டுற ஆளால் பார்க்க முடியாததை வெளியிலிருந்து ஒருத்தர் பார்த்துச் சொல்லணும்னு ரயில்வே அப்பவே ஏற்பாடு பண்ணிடுச்சு. ரோட்டுக்கு அப்படி ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் கிடைக்கலை.

ரோட்டில் நம்ம மாட்டு வண்டிக்காரர் அடியில் ஒரு அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டார். முன்னாடியிலிருந்தும் பின்னாடியிலிருந்தும் தெரியும், எளிமையான யோசனை. சைக்கிள்ல விளக்கு இல்லாம போனா போலீஸ் புடிச்சு காத்தைப் புடுங்கி விட்ட காலம் ஒண்ணு இருந்ததே, ஞாபகம் இருக்கா?

கார் வந்தபோது பின்னாடி மாட்டினதும் மண்ணெண்ணெய் விளக்குதான். இங்கிலாந்தில் 1903-ல் போட்ட சட்டத்தால் 1904 முதல் காருக்கு நம்பர் பிளேட் கட்டாயமாச்சு. ராத்திரியில் நம்பர் தெரியணுமே! அதனால் பின்னாடி விளக்கு. பின்பக்கம் சிவப்புக் கண்ணாடி, பக்கவாட்டில் நம்பருக்கு வெளிச்சம் விழ வெள்ளைக் கண்ணாடி. பல கார்களில் ஹெட் லைட்டுக்கு கார்பைடு. கல்லில் தண்ணி சொட்டினா கேஸ் வரும், அதைக் கொளுத்தணும். அன்னிக்கு டெயில் லைட் மங்கினால் வைத்தியம் சுலபம்: திரியை நறுக்கு, கண்ணாடியில் புடிச்ச கரியைத் துடை.

1912-ல் காடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரும் மின்சார விளக்குகளும் சேர்ந்தே வந்தது. சார்லஸ் கெட்டரிங் கைவரிசை. ஃபோர்டு மாடல் டி-யில் 1915 வாக்கில் ஹெட் லைட் மின்சாரத்துக்கு மாறிச்சு, ஆனா பின்னாடி இன்னும் சில வருஷம் மண்ணெண்ணெய்தான்! ஓட்டுறவன் கண்ணுக்குத் தெரியறது முதல்ல முன்னேறும், தெரியாதது கடைசியில். இந்த வழக்கம் இன்னும் மாறலை.

மாடல் டி-யின் ஹெட் லைட்டுக்கு பேட்டரி கிடையாது. மேக்னட்டோ கொடுக்கிற கரண்ட் நேரா விளக்குக்குப் போகும். எஞ்சின் வேகமா சுத்தினா பளிச், மெதுவானா மங்கல். பழைய மொபெட் ஓட்டினவங்க இதைக் கண்ணால பார்த்திருப்பீங்க. அப்புறம் டைனமோவும் பேட்டரியும் வந்தது, 1960-களிலிருந்து ஆல்டர்னேட்டர். இதிலிருந்து முதல் சோதனை கிடைக்குது: எல்லா விளக்கும் சேர்ந்து மங்கி, ஆக்ஸிலேட்டர் கொடுத்தா பளிச்சுன்னு ஆனால் பல்பைக் கழட்டாதீங்க. பேட்டரியையும் சார்ஜிங்கையும் பாருங்க.

ஒரு விளக்கு மட்டும் மங்கினா? இங்கேதான் பழைய சிக்கன புத்தி ஒண்ணு வேலை செய்யுது. கரண்ட் போக ஒரு ஒயர், திரும்பி வர ஒரு ஒயர் வேணும். கார் செஞ்சவங்க யோசிச்சாங்க, வண்டி பாடியே இரும்புதானே, திரும்பி வர்ற வழியா அதையே வெச்சுக்கலாம்னு. செம்பு மிச்சம். அதைத்தான் நம்ம ஒயரிங் கடை அண்ணன்கள் 'எர்த்'ங்கிறாங்க. டெயில் லைட் இருக்கிறது சேறும் தண்ணியும் அடிக்கிற மூலை. ஹோல்டரில் துரு, ஒயர் முனையில் பச்சைக் களிம்பு, எர்த் ஸ்க்ரூவுக்கு அடியில் பெயிண்ட். வழி அடைபட்டா விளக்கு மங்கும்.

எவ்வளவு மங்கும்ங்கிறதுதான் ஆச்சரியம். டங்ஸ்டன் இழை பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். 12 வோல்ட் பல்புக்கு 9.6 வோல்ட் கிடைச்சா பாதி வெளிச்சம் கூடக் கிடையாது. கொஞ்சூண்டு துரு போதும்.

இன்னொரு சிக்கனம், ஒரே பல்பில் ரெண்டு இழை. 5 வாட்ஸ் டெயில் லைட்டுக்கு, 21 வாட்ஸ் பிரேக்குக்கு. ரெண்டுக்கும் எர்த் ஒண்ணே. அந்த எர்த் அறுந்தா கரண்ட் திரும்பிப் போக வழியில்லாம அடுத்த இழை வழியா புகுந்து வேற விளக்கைத் தேடிப் போகும். பிரேக் அடிச்சா டெயில் லைட் அணையறது, இண்டிகேட்டர் போட்டா பக்கத்து விளக்கும் சேர்ந்து மினுக்கறது எல்லாம் இந்த வியாதிதான். பேய் புடிச்ச மாதிரி இருக்கும், மந்திரிக்க வேண்டாம் :-)

சோதனை இதுதான். விளக்கை எரியவிட்டு, ஒரு ஒயரால் பல்பு ஹோல்டரின் வெளிக்கூட்டையும் பேட்டரி நெகட்டிவையும் நேரா தொடுங்க. பளிச்சுன்னு ஆனா எர்த் கோளாறு. ஸ்க்ரூவைக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்கினா முடிஞ்சது. ஆகலேன்னா கரண்ட் வர்ற பக்கம் பாருங்க: ஹோல்டர் ஸ்பிரிங், கனெக்டர், ஸ்விட்ச். ரெட்டை இழை பல்பின் ரெண்டு முள்ளும் ஒரே உயரத்தில் இருக்காது, திருப்பிப் போட்டுடக் கூடாதுன்னே அப்படி. அதையும் அழுத்தித் திருகி மாத்தி மாட்டினால் டெயில் லைட் கண்ணைக் கூசும், பிரேக் அடிச்சா தெரியாது. வெளுத்துப்போன கண்ணாடிக் கவரையும் கவனிங்க. சிவப்புக் கவருக்குள் மலிவான வெள்ளை எல்.ஈ.டி. போட்டாலும் மங்கும், வெள்ளை எல்.ஈ.டி. வெளிச்சத்தில் சிவப்பு பங்கு குறைச்சல்.

பிரேக் லைட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1974-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் வோவோட்ஸ்கிங்கிற உளவியல் ஆய்வாளர் டாக்ஸிகளுக்குப் பின்னாடி நடுவில் கூடுதலா ஒரு பிரேக் விளக்கு மாட்டிப் பார்த்தார். பின்னாடி வந்து மோதறது சுமார் 60 சதவீதம் குறைஞ்சதாம். அமெரிக்காவில் 1986 மாடல் கார்களுக்கு அது கட்டாயமாச்சு. எல்லா வண்டியிலும் வந்து கண்ணு பழகினதும் பலன் சுமார் 4 சதவீதத்தில் நின்னுச்சு. குறைவுதான், ஆனா அதுவும் உசுருதானே. எல்.ஈ.டி. வந்தபிறகு இன்னொரு லாபம். இழை சூடேறி எரியறதை விட அது சுமார் 0.2 நொடி முன்னாடி எரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நாலு மீட்டருக்கு மேல்.

நம்ம நாட்டில் 1914, 1939, 1988-னு மோட்டார் வாகனச் சட்டம் மூணு தடவை வந்தது. 1989 மத்திய விதிகள்படி பின் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரியணும். இது என்ன கணக்கு? 80-ல் வர்றவனுக்கு 155 மீட்டர் கடக்க 7 நொடி. பார்த்து, புரிஞ்சு, பிரேக் அடிச்சு நிறுத்த நேரம் இருக்கு. விளக்கு மங்கி 40 மீட்டரில்தான் தெரியுதுன்னா ரெண்டு நொடி கூட இல்லை. துரு புடிச்ச ஒரு ஸ்க்ரூ தின்னது அந்த அஞ்சு நொடியை.

டிராக்டர் டிரெய்லரில் இது இன்னும் மோசம். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஒரு பிளக். அதில் எர்த் ஒயர் அறுந்தாலும் கரண்ட் கொக்கி வழியா எப்படியோ திரும்பும். கொக்கியில் கிரீஸும் துருவும். குலுங்கும்போது எரியும், நிக்கும்போது அணையும். வீட்டில் பார்த்தப்போ நல்லாத்தான் இருந்துச்சும்பாங்க. பொய் இல்லை, இருந்திருக்கும். டிரெய்லருக்குத் தனியா ஒரு எர்த் ஒயர் இழுத்து, பின்னாடி ரெண்டு சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டினா போதும், பெரிய செலவில்லை. ரிஃப்ளெக்டருக்கு எர்த்தும் வேண்டாம்.

ராத்திரி வண்டியை ஒரு சுவத்துக்கு முதுகு காட்டி நிறுத்துங்க. விளக்கைப் போடுங்க, பிரேக்கை அழுத்துங்க, இண்டிகேட்டரைப் போடுங்க. சுவத்தில் ரெண்டு பக்கமும் ஒரே சிவப்பு விழுதா, பிரேக் அழுத்தும்போது கூடுதான்னு கண்ணாடியில் பாருங்க. ஒரு நிமிஷ வேலை.

கொசுறு: முன்னாடி போற வண்டியில் டெயில் லைட் எரியலைன்னா, அடுத்த டீக்கடையில் அது நிக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அவருக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்லை.