முகாம் முடிந்த பிறகே தொடங்கும் சோதனை: மது மீட்பில் ஊரின் பங்கு

மதுவுக்கு அடிமையானவரின் உடலிலிருந்து போதையை நீக்க மருத்துவர்களுக்குச் சில நாட்களே போதும். கை நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு போன்ற தொல்லைகள் பெரும்பாலும் அதற்குள் கட்டுப்பட்டுவிடும். கடினமான பகுதி அதன் பிறகே வருகிறது. வீடு திரும்புபவருக்கு அதே தெரு, அதே நண்பர்கள், அதே கடன்.

எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய ஆய்வின் அடிப்படையில் 2019-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டில் மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றுள்ளார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்தான். இந்த இடைவெளியை மருத்துவமனைகளால் மட்டும் நிரப்ப இயலாது.

கர்நாடகத்தில் தர்மஸ்தலா ஊரக வளர்ச்சித் திட்டத்தின் ஆதரவுடன் 'ஜனஜாக்ருதி வேதிகே' அமைப்பு நடத்தும் மதுவிலக்கு முகாம்கள் மைசூரு உள்ளிட்ட மாவட்டங்களில் நன்கு அறியப்பட்டவை. முகாமை முடித்தவர்கள் 'நவஜீவன சமிதி' என்ற குழுக்களாக இணைந்து, ஒருவர் தடுமாறினால் மற்றவர் தாங்கும் ஏற்பாட்டைத் தொடர்கின்றனர்.

தமிழகத்தில் இதற்கு முன்னோடி மஞ்சக்குடி. மதுவால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். சென்னைக்கு வந்து தங்கிச் சிகிச்சை பெறக் கிராமத்துக் கூலித் தொழிலாளிக்கு வசதி இல்லை என்பதால், 1989-இல் அறக்கட்டளையின் மருத்துவக் குழுவே அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த மஞ்சக்குடிக்குச் சென்றது. சுமார் இரண்டு வாரம் நடந்த முகாமுக்கு இடமும் உதவியும் அளித்தவர்கள் உள்ளூர்க்காரர்களே. குடும்பத்தினருக்கும் ஆலோசனை வழங்கப்பட்டது. முகாம் கலைந்த பின்னும் குழுவினர் ஊருக்கு வந்து நலம் விசாரித்தனர். சிகிச்சை பெற்றவரை ஊரார் கண்முன்னே காண்பதால், அடுத்தவருக்குத் தயக்கம் குறைந்தது. நகர மருத்துவமனையில் இது எளிதில் கிட்டாத பலன்.

ஆனால், பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே மருத்துவர் இல்லாத முகாம், அதன் நோக்கம் எத்தனை நல்லதாயினும், பாதுகாப்பானதல்ல.

1935-இல் அமெரிக்காவில் தோன்றிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின் கூட்டங்கள் இன்று இந்திய நகரங்களிலும் நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை, முழுப்பெயர் கூற வேண்டியதில்லை. குடிப்பவரின் குடும்பத்தினருக்கு 'அல்-அனான்' என்ற தனி அமைப்பு உண்டு. பல ஆண்டுகள் அவமானத்தைச் சுமந்த மனைவிக்குப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

சட்டமும் இவர்களைக் குற்றவாளிகளாக மட்டும் பார்ப்பதில்லை. மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டால் ஏற்படும் மனநிலைப் பாதிப்புகள், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. அதன்படி, காப்பீட்டு நிறுவனங்கள் உடல் நோய்க்கு வழங்கும் அதே அடிப்படையில் இதற்கும் காப்பீடு அளிக்க வேண்டும். சிறிய அளவு போதைப்பொருள் வழக்கில் சிக்கிய அடிமையானவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம்.

போதைப் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோரும் குடும்பத்தினரும் 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.