லொஸ் ஏஞ்சல்சிற் கொரிய வணிகர்: இனப்பிணைப்பும் அதன் எல்லையும்

தாய்நாடு நீங்கிப் பிறநாட்டிற் குடியேறுவோர்க்கு முதலிற் கைகொடுப்பது தம்மினத்தாரின் துணையேயாகும். அத்துணை எதுவரை உதவும் என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் கடை நடத்திய கொரியரின் வரலாறு காட்டுகின்றது.

ஆசியரின் வருகையைப் பெரிதும் தடுத்துநின்ற நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையை 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் ஒழித்தது. அதன்பின் தென்கொரியாவிலிருந்து பெருந்தொகையினர் அங்குச் சென்றனர். அவருட் பலர் பல்கலைக்கழகக் கல்வி பெற்றவர். ஆயினும், ஆங்கிலப் பயிற்சி போதாமையாலும் தாய்நாட்டுப் பட்டங்கள் மதிக்கப்படாமையாலும் தகுதிக்கேற்ற தொழில் பெறாது, பலசரக்கு, மதுபானம், சலவை முதலிய சிறு வணிகங்களில் இறங்கினர். பெருங்கடைகள் புக விரும்பாத வறிய பகுதிகளிலே கடைகளைக் குறைந்த முதலுடன் வாங்க முடிந்தது.

அம்முதல் சேமிப்பாலும் உறவினர் கடனாலும் 'கியே' என்னும் முறையாலும் திரட்டப்பட்டது. கியே தமிழர் பிடிக்கும் சீட்டை ஒத்தது. உறுப்பினர் மாதந்தோறும் ஒரு தொகையை இட, ஒவ்வொருவரும் முறையே முழுத்தொகையையும் பெறுவர். ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையே அதற்குப் பிணை. கடையிற் குடும்பத்தினர் நெடுநேரம் உழைத்தனர். கொரியரின் கிறித்தவ தேவாலயங்கள் வழிபாட்டிடங்களாக மட்டுமன்றித் தொழிற்செய்தி பரிமாறும் இடங்களாகவும் விளங்கின.

எனினும் இப்பிணைப்பு கடைவாசலைத் தாண்டவில்லை. வாடிக்கையாளரோ பெரும்பாலும் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்கருமாவர். மொழித்தடையும் வறுமையும் ஐயமும் இரு சாராரையும் பிரித்தன. 1991ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு கொரியக் கடைக்காரர் பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுமியைச் சுட்டுக் கொன்றார். நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பாமை மனக்கசப்பை வளர்த்தது. 1992ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆம் நாள், ரொட்னி கிங் என்பவரைத் தாக்கிய வழக்கிற் பொலிசார் தண்டனையின்றித் தப்பவே, பெருங்கலகம் மூண்டது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கொரியர் கடைகள் சேதமுற்றன. பொலிசார் உதவி கிட்டாதபோது, கொரிய மொழி வானொலியே காவலுக்கு ஆட்களை அழைத்தது.

கலகத்தின்பின் போதிய காப்புறுதியின்றிப் பலர் வாழ்விழந்தனர். மதுபானக் கடைகளை மீளத் திறப்பதற்கும் நகராட்சி கடும் நிபந்தனைகளை விதித்தது. அரசியலிற் குரலின்மையின் விலையை உணர்ந்த இளந்தலைமுறையினர் பிற இனத்தாருடன் உரையாடவும் பொதுவாழ்விற் பங்குகொள்ளவும் முன்வந்தனர்.

இனப்பிணைப்புக் கடையை எழுப்பியது. அதைக் காத்து நிற்க அயலாரின் நல்லுறவும் வேண்டியிருந்தது. இதுவே அவ்வணிகர் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடமாகும்.