கம்ப்யூட்டர் என்று ஒரு வேலை இருந்தது

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு பழைய ஸ்கூல் ஜோக்கில் இருந்து ஆரம்பிக்கலாம். டீச் பண்றவர் டீச்சர். டிரைவ் பண்றவர் டிரைவர். அப்போ குக் பண்றவர்? "குக்கர்" என்று சொல்லி வகுப்பே சிரிக்க, முகம் சிவந்து உட்கார்ந்த ஒரு பையன் எல்லா ஸ்கூலிலும் இருந்திருப்பான். எங்க வகுப்பில் அது நான்தான்.

தப்பு அந்தப் பையன் மேல இல்லைங்க. ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பின்னால ஒட்டுற அந்த "அர்" இருக்கே, அது வேலை செய்யும் ஆளையும் குறிக்கும், வேலை செய்யும் கருவியையும் குறிக்கும். பிரிண்டர் என்றால் அச்சகம் நடத்துறவர், மேஜை மேல இருக்கிற மெஷினும் பிரிண்டர்தான். டைப்ரைட்டர் என்ற சொல் ஆரம்ப காலத்தில் டைப் அடிக்கிற ஆளுக்கும் பெயராக இருந்தது. எது ஆள், எது கருவி என்று சூழலை வைத்துத்தான் புரிஞ்சிக்கணும்.

இந்தக் குழப்பத்தில் ஒரு பெரிய வரலாறே மறைஞ்சு கிடக்கு. இன்றைய சொல்: கம்ப்யூட்டர்.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்தச் சொல்லுக்குக் காட்டும் மிகப் பழைய சான்று 1613ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ரிச்சர்ட் பிராத்வெய்ட் என்ற எழுத்தாளரின் புத்தகத்தில் வருது. அங்கே கம்ப்யூட்டர் என்றால் கணக்குப் போடும் மனிதர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில கணக்குக் கருவிகளையும் அங்கங்கே அப்படிச் சொன்னாங்க. ஆனாலும் 1940கள் வரைக்கும் கம்ப்யூட்டர் என்றதும் மனசுக்கு வருவது ஒரு ஆள்தான். அது ஒரு உத்தியோகம், சம்பளம் வாங்குற வேலை.

அந்த வேலை எப்படி இருந்தது? 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனுக்குப் போவோம். நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கு என்று கண்டுபிடிப்பது அப்போ பெரிய தலைவலி. நிலவுக்கும் சூரியனுக்கும், நிலவுக்கும் சில நட்சத்திரங்களுக்கும் உள்ள கோண தூரத்தை அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டால் இடம் தெரியும். ஆனால் அந்த அட்டவணையை யாராவது முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கணுமே? அரசு வானியலாளர் நெவில் மாஸ்கலைன் அதற்காகத் தொடங்கியதுதான் நாட்டிகல் அல்மனாக். முதல் இதழ் 1767ஆம் ஆண்டுக்கானது.

கணக்குப் போட்ட கம்ப்யூட்டர்கள் வெவ்வேறு ஊர்களில், அவங்கவங்க வீட்டில் உட்கார்ந்து லாக் டேபிளைப் புரட்டிப் புரட்டி வேலை செய்தாங்க. 18ஆம் நூற்றாண்டு ஒர்க் ஃப்ரம் ஹோம்! முக்கியமான கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போடணும். மூன்றாவதாக ஒருத்தர் இரண்டையும் ஒப்பிடுவார், அவருக்குப் பேர் கம்பேரர். நம்ம கோட் ரிவ்யூ மாதிரி. ஒரு தடவை இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிச்சு மாட்டிக்கிட்டாங்க, வேலை போச்சு. சின்ன விஷயமா தெரியலாம். ஆனால் இருவரும் ஒரே தப்பைச் செய்தால் கம்பேரருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். கப்பல் போய்ப் பாறையில் மோதும்போதுதான் தப்பு வெளியே வரும்.

அந்தக் கம்ப்யூட்டர்களில் ஒருத்தர் லட்லோ என்ற ஊரைச் சேர்ந்த ஜான் எட்வர்ட்ஸ். கணக்கில் அவர் பெயர்தான் இருந்தது. 1784இல் அவர் இறந்தார். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது: பெரும்பாலான கணக்கைப் போட்டது அவர் மனைவி மேரி எட்வர்ட்ஸ். வேலையைத் தனக்கே தொடர்ந்து தரணும் என்று மேரி கேட்டாங்க, மாஸ்கலைனும் கொடுத்தார். அவங்களுக்குப் பிறகு மகள் எலைசாவும் அதே வேலையைச் செய்தாங்க. 1830களில் வேலை முழுவதும் லண்டன் அலுவலகத்துக்கு மாறியது. பெண்களுக்கு அங்கே இடம் கிடைக்கலை.

இதே உத்தியோகம் இந்தியாவிலும் இருந்தது. 1802இல் சென்னை பரங்கிமலை பக்கத்தில் வில்லியம் லாம்டன் ஒரு அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். சுமார் ஏழரை மைல் நீளம். அந்த ஒரு கோட்டில் இருந்து முக்கோணம் மேல முக்கோணமாக அடுக்கி நாடு முழுக்க அளந்த வேலைதான் மகா முக்கோணவியல் நில அளவை. அதில் ஒரு கோட்டின் நீளம் தெரிஞ்சால் மற்றதை எல்லாம் கோணத்தை வைத்தே கணக்குப் போடலாம். அதாவது, மலை ஏறி அளக்கிற ஆள் எவ்வளவு முக்கியமோ, உட்கார்ந்து கணக்குப் போடுற ஆளும் அவ்வளவு முக்கியம்.

1831இல், பதினெட்டு வயது இருக்கும்போது, அந்த வேலைக்குச் சேர்ந்தவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தர். பின்னாளில் தலைமைக் கம்ப்யூட்டர் ஆனார். 15ஆம் எண் சிகரம் என்று மட்டும் குறிக்கப்பட்ட ஒரு மலையை 160 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில் இருந்து, ஆறு இடங்களில் நின்று அளந்திருந்தாங்க. காற்றில் ஒளி வளைவதால் வரும் பிழையைக் கழிச்சுத்தான் உயரத்தைச் சொல்ல முடியும். 1856இல் அறிவிச்ச விடை 29,002 அடி. 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து சொன்ன உயரம் 8,848.86 மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 9 மீட்டர்தான்!

அந்தக் கணக்கில் சிக்தருக்கு எவ்வளவு பங்கு, டேராடூனில் இருந்த மற்ற கம்ப்யூட்டர்களுக்கு எவ்வளவு பங்கு என்பதில் விவாதம் இருக்கு. ஆனால் மலைக்கு வைத்த பெயர் ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற பழைய சர்வேயர் ஜெனரலுடையது. இன்னொரு விஷயத்தில் விவாதமே இல்லை. 1851இல் வெளிவந்த நில அளவைக் கையேட்டில் முக்கியமான கணிதப் பகுதிகளுக்காக முன்னுரையில் சிக்தருக்கு நன்றி சொல்லியிருந்தாங்க. 1870இல் அவர் இறந்தார். 1875 பதிப்பில் கணக்குகள் இருந்தன, அவர் பெயர் இல்லை.

இனி அந்தச் சொல் ஆளிடமிருந்து மெஷினுக்குப் போன கதை. நம்ம துறைக்கே அடித்தளம் போட்ட ஆலன் டூரிங்கின் 1936 கட்டுரையைப் படிக்கிற நிறைய பேருக்கு ஒரு இடத்தில் தலை சுத்தும். அதில் வரும் "கம்ப்யூட்டர்" ஒரு மனிதர்! தாளில் எழுதுவார், தாளைப் பார்ப்பார், அடுத்து என்ன செய்யணும் என்று முடிவெடுப்பார். அந்த மனிதர் செய்வதை ஒரு மெஷின் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வியே.

1945இல் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், மெஷினைக் கம்ப்யூட்டர் என்றும் மனிதரை ஆபரேட்டர் என்றும் பிரிச்சுச் சொல்லலாம் என்றார். அடுத்த வருஷம் எனியாக் மெஷினை உலகத்துக்குக் காட்டினாங்க. அதற்கு புரோகிராம் செய்த ஆறு பெண்களும் அதுவரை பார்த்த உத்தியோகத்தின் பெயர் கம்ப்யூட்டர். பட்டம் மெஷினுக்குப் போச்சு. அந்த ஆறு பேரின் பெயர் பல பத்தாண்டுகள் யாருக்கும் தெரியலை.

பிப்ரவரி 1962இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் போகுமுன், ஐபிஎம் மெஷின் போட்ட கணக்கை கேத்தரின் ஜான்சன் கையால் சரிபார்க்கட்டும் என்று கேட்டார். மெஷின் கணக்கைச் சரிபார்த்த ஜான்சனும் நாசாவின் முன்னோடி அமைப்பில் கம்ப்யூட்டராக வேலைக்குச் சேர்ந்தவர்தான்.

தமிழில் இந்தக் கதை நடந்திருக்கவே முடியாது என்று எனக்குத் தோணுது. கணிப்பவர் என்றால் ஆள், கணினி என்றால் பொருள். சங்ககாலத்துக் கணியன் பூங்குன்றனார் பெயரில் இருக்கும் கணியன் காலத்தைக் கணிக்கும் ஆள். அவரை யாரும் லேப்டாப் என்று நினைக்க மாட்டாங்க. இந்தச் சொற்களில் விகுதியே ஆளைக் காட்டிக் கொடுத்திடும்.

ஆனால் நம்மகிட்ட வேற ஒரு சொல் இருக்கு. பேங்க் கவுண்ட்டரில் கேட்டால், "சிஸ்டம்ல அப்படித்தான் சார் வருது" என்பாங்க. நானும் ஆபீஸில் அதையே சொல்லியிருக்கேன். ஒரு முறை கணக்கு தப்பா வந்தப்போ "சிஸ்டம் தப்பு" என்று மெயில் போட்டேன். அப்புறம் கிட் பிளேம் அடிச்சுப் பார்த்தேன். ஒவ்வொரு வரியையும் யார் எழுதினது என்று காட்டும் கட்டளை அது. அந்த வரிக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது.

மேரி எட்வர்ட்ஸின் கணக்குக்கும் சிக்தரின் பக்கங்களுக்கும் அப்படி ஒரு கட்டளை இருந்திருக்கலாம். அடுத்த எபிசோடில் இன்னொரு சொல்லோடு சந்திக்கலாம்.