மலை மிதிவண்டிச் சட்டக வடிவவியல்

மலை மிதிவண்டிச் சட்டக வடிவவியல் என்பது மிதிவண்டிச் சட்டகத்திலுள்ள குழாய்களின் நீளங்களையும் அவை அமைந்துள்ள கோணங்களையும் குறிக்கும். இருக்கை, கைப்பிடி, சக்கர உறை போன்றவற்றை வாங்கிய பின்னரும் மாற்றலாம். சட்டகத்தின் அளவுகளைப் பெரும்பாலும் மாற்ற இயலாது. எனவே மிதிவண்டியைத் தேர்ந்தெடுப்பதில் இது முதன்மையானதாகும்.

கிராஸ் கன்ட்ரி என்பது ஏற்றமும் இறக்கமும் கலந்த பாதையில் நடைபெறும் மலை மிதிவண்டிப் போட்டி வகையாகும். இது 1996 அட்லாண்டா ஒலிம்பிக் முதல் ஒலிம்பிக் போட்டியாக உள்ளது. ஏற்றத்துக்கு உகந்த அளவுகள் இறக்கத்துக்கு எப்போதும் உகந்தவையல்ல. இவ்வகைச் சட்டகம் இரண்டுக்கும் இடைப்பட்ட சமரசமாக வடிவமைக்கப்படுகிறது.

தலைக்குழாய்க் கோணம்

முன்கவையைத் தாங்கும் தலைக்குழாய் கிடைமட்டத்துடன் ஏற்படுத்தும் கோணம் இதுவாகும். கோணம் குறைந்தால் முன்சக்கரம் முன்னோக்கித் தள்ளி அமையும். இறக்கத்தில் வண்டி நிலையாக ஓடும். ஆனால் மெதுவாக ஏறும்போது முன்சக்கரம் அலைபாயக்கூடும்.

திருப்பும் அச்சுக் கோடு நிலத்தைத் தொடும் புள்ளிக்கும் சக்கரம் நிலத்தைத் தொடும் புள்ளிக்கும் இடையிலான தொலைவு டிரெயில் எனப்படும். சக்கர ஆரம் 370 மி.மீ., முன்கவை விலக்கம் 44 மி.மீ. எனில், 71 பாகையில் டிரெயில் ஏறத்தாழ 81 மி.மீ. ஆகவும் 68 பாகையில் 102 மி.மீ. ஆகவும் இருக்கும். டிரெயில் கூடினால் முன்சக்கரம் நேர்திசையில் நிற்கும் இயல்பும் கூடும்.

1990களில் 71 பாகை வழக்கமாக இருந்தது. 2020களின் பல சட்டகங்களில் இது 66 முதல் 68 பாகை வரை உள்ளது. இதற்கேற்ப ஸ்டெம் எனப்படும் கைப்பிடித் தண்டு குறுகியது, கைப்பிடி அகன்றது.

இருக்கைக் குழாய்க் கோணம்

இக்கோணம் கூடினால் ஓட்டுநரின் உடல் மிதியச்சுக்கு நேர் மேலாக நெருங்குகிறது. செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் எழும்பாமல் இருக்க இது உதவும். சமதளத்தில் கைகளின் மீது எடை கூடும்.

ரீச், ஸ்டாக்

மிதியச்சிலிருந்து தலைக்குழாயின் மேல்நுனி வரையுள்ள கிடைமட்டத் தொலைவு ரீச் எனவும், செங்குத்துத் தொலைவு ஸ்டாக் எனவும் அழைக்கப்படும். மேற்குழாய் நீளத்தை மட்டும் ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லலாம். எடுத்துக்காட்டாக, இரு சட்டகங்களிலும் கிடைமட்ட மேற்குழாய் நீளமும் ஸ்டாக்கும் 600 மி.மீ. எனக் கொள்வோம். இருக்கைக் கோணம் 73 பாகையாயின் ரீச் 417 மி.மீ., 76 பாகையாயின் 450 மி.மீ. ஆகும். அமர்ந்து ஓட்டுகையில் இரண்டும் ஒத்திருக்கும். இறக்கத்தில் எழுந்து நிற்கையில் 33 மி.மீ. வேறுபடும்.

மிதியச்சு உயரம்

மிதியச்சு தாழ்ந்திருந்தால் வளைவுகளில் நிலைத்தன்மை கூடும். ஆயினும் மிதிகள் பாறைகளில் இடிபடும்.

தேர்வு

சிறியது, நடுத்தரம், பெரியது என்னும் அளவுப் பெயர்கள் எல்லா நிறுவனங்களிலும் ஒரே அளவைக் குறிப்பதில்லை. ஆகவே நிறுவனங்கள் வெளியிடும் அட்டவணையில் ரீச், ஸ்டாக் ஆகியவற்றை முதலில் ஒப்பிட வேண்டும். நீளமான முன்கவையைப் பொருத்தித் தலைக்குழாய்க் கோணத்தைச் சற்றுக் குறைக்கலாம். ஆனால் அப்போது இருக்கைக் கோணமும் ரீச்சும் குறைந்து, மிதியச்சு உயர்ந்துவிடும். ஒரு குறையைத் தீர்க்கச் செய்யும் மாற்றம் பிற அளவுகளையும் பாதிப்பதால், பொருந்தாத சட்டகத்தை உதிரிப் பாகங்களால் முழுமையாகச் சரிசெய்ய இயலாது.