மறைமுகச் செலவு: பல்கலைக்கழகமும் அரசின் பிடியும்

2025 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் ஓர் அறிவிப்பை வெளியிட்டன. பல்கலைக்கழகங்களுக்குத் தரும் ஆய்வு மானியங்களில் 'மறைமுகச் செலவு' என்ற இனத்தில் இனி 15 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதுதான் அதன் சாரம். தேநீர்க் கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: 'ஏகாதிபத்தியத்தோட பல்கலைக்கழகத்துக்குப் பணம் நின்னா நமக்கென்னய்யா நட்டம்? நல்லதுதானே?' அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. தாமதமாக வரும் பதில்தான் இக்கட்டுரை.

முதலில் மறைமுகச் செலவு என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். ஒரு பேராசிரியர் ஓர் ஆய்வுக்கு நூறு டாலர் கேட்டு வாங்குகிறார். அது நேரடிச் செலவு: உதவியாளர் சம்பளம், வேதிப்பொருள், கருவி. ஆனால் ஆய்வகத்துக்குக் கூரை வேண்டும், மின்சாரம் வேண்டும், நூலகம், கணக்கர், துப்புரவுத் தொழிலாளி எல்லோரும் வேண்டும். இதற்காக அரசோடு பேசி முடிவு செய்த விகிதத்தில் பல்கலைக்கழகம் தனியாக ஒரு தொகை பெறுகிறது. விகிதம் 50 என்றால் நூறுக்கு மேல் இன்னொரு ஐம்பது. 2023 நிதியாண்டில் சுகாதார நிறுவனங்கள் தந்த சுமார் 3500 கோடி டாலரில் 900 கோடி இந்த இனத்தில் போனது. ஆய்வு பேராசிரியருடையது, கூரையோ அரசின் பணத்தில் நிற்பது. பல்கலைக்கழகத்தின் சுயாட்சி பற்றி நாம் பேசும்போது இந்தக் கூரையை மறந்துவிடுகிறோம்.

இந்த ஏற்பாடு போரில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ ஆய்வைப் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்பந்தத்தில் கொடுத்து நடத்தியவர் வானவர் புஷ். போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், அரசு பணம் தர வேண்டும், எதை ஆராய்வது என்பதை விஞ்ஞானிகள் முடிவு செய்ய வேண்டும் என்று அவர் அறிக்கை கொடுத்தார். மேற்கு வர்ஜீனியா செனட்டர் ஹார்லி கில்கோர் வேறு ஒன்றைக் கேட்டார். பொதுப் பணத்தில் வரும் கண்டுபிடிப்பின் உரிமை பொதுவில் இருக்க வேண்டும், பணம் நாலைந்து பெரிய நிறுவனங்களில் குவியாமல் எல்லா மாநிலங்களுக்கும் பரவ வேண்டும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு இந்த அமைப்பு பதில் சொல்ல வேண்டும் என்றார். புஷ்ஷின் பக்கம் சாய்ந்த மசோதாவை 1947-ல் ட்ரூமன் நிராகரித்தார். சமரசமாக, 1950-ல் தேசிய அறிவியல் அறக்கட்டளை வந்தது. நிர்வாகி குடியரசுத் தலைவரின் நியமனம். உரிமை பற்றிய கில்கோரின் கோரிக்கை போன இடம் தெரியவில்லை. 'அறிவியலின் சுதந்திரம்' என்ற கதையாடலுக்குக் கீழே புதைந்து கிடப்பது இந்தத் தோல்விதான்.

சுதந்திரம் எவ்வளவு நீளம் என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. ஐம்பதுகளில், விசுவாசம் சந்தேகத்துக்குரியது என்று கருதப்பட்டவர்களின் சுகாதார மானியங்கள் நிறுத்தப்பட்டன. 1954-ல் வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங்கும் அப்படி இழந்தவர். ஸ்புட்னிக் அதிர்ச்சியில் 1958-ல் வந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், உதவி பெறும் மாணவர்களிடம் அரசைக் கவிழ்க்கும் அமைப்புகளோடு உறவில்லை என்று பிரமாணம் கேட்டது. ஹார்வர்டு, யேல் போன்றவை எதிர்த்து விலகின. 1962-ல் அந்தப் பிரமாணம் நீக்கப்பட்டது.

இன்னொரு பக்கம் கணக்கு வளர்ந்தது. சுகாதார மானியங்களில் மறைமுகச் செலவு முதலில் 8 சதவீதம், பிறகு 15, 1963-ல் 20. 1966-ல் உச்சவரம்பே எடுக்கப்பட்டது. ஆக, 2025-ல் சொன்ன 15 ஒன்றும் புதிய எண்ணல்ல. பழைய பெட்டியிலிருந்து எடுத்தது.

நண்பரின் கேள்விக்கு நெருக்கமான கட்டம் 1969. வியட்நாம் போரை எதிர்த்து மார்ச் 4 அன்று எம்.ஐ.டி. விஞ்ஞானிகள் ஆய்வை நிறுத்தினார்கள். அதே ஆண்டு செனட்டர் மைக் மேன்ஸ்ஃபீல்டின் திருத்தம் வந்தது: ராணுவத் தேவையோடு நேரடித் தொடர்பில்லாத ஆய்வுக்கு ராணுவப் பணம் கூடாது. வளாகத்திலிருந்து ராணுவம் வெளியேறட்டும் என்றவர்கள் மகிழ்ந்ததில் நியாயம் உண்டு. நடந்ததைப் பாருங்கள். ராணுவம் அடிப்படை ஆய்விலிருந்து கையை எடுத்தது, ஆயுத ஆய்விலிருந்து எடுக்கவில்லை. ஏவுகணைகளுக்கு வழிகாட்டும் கருவிகள் செய்த ஆய்வகத்தை எம்.ஐ.டி. 1973-ல் தனியாகப் பிரித்துவிட்டது. வளாகம் சுத்தமாயிற்று, ஏவுகணை வேலை வெளியே தொடர்ந்தது. அவ்வளவுதான்.

1991-ல் வேறொரு காட்சி. நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் டிங்கல் நடத்திய விசாரணையில் ஸ்டான்ஃபோர்டின் மறைமுகச் செலவுக் கணக்கில் ஓர் உல்லாசப் படகின் தேய்மானம் அகப்பட்டது. எழுபது சதவீதத்தைத் தொட்டிருந்த விகிதம் 55.5 ஆயிற்று. தலைவர் டொனால்ட் கென்னடி பதவி விலகலை அறிவித்தார். நிர்வாகச் செலவுக்கு 26 சதவீத உச்சவரம்பு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் வந்தது. 1994-ல் ஸ்டான்ஃபோர்டு 12 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. மோசடிக் குற்றச்சாட்டை அரசு வைக்கவில்லை. அது யாருக்கு நினைவிருக்கிறது? படகுதான் மனதில் நின்றது. கணக்கைப் பொதுமக்கள் பார்க்காதபடி வைத்திருந்ததற்குப் பல்கலைக்கழகம் கொடுத்த விலை அது.

இந்த டிங்கலுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. பி.எல்.480 கோதுமையை நம் பெற்றோர் தலைமுறை மறந்திருக்காது. அதற்கு இந்தியா ரூபாயில் கொடுத்த விலை அமெரிக்க அரசின் கணக்கில் இங்கேயே குவிந்தது. அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கலாம் என்று 1958-ல் திருத்தம் கொண்டுவந்தவர் இதே டிங்கல். 1962-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் புது தில்லியில் அலுவலகம் திறந்தது. தமிழ்ப் புத்தகங்களும் இதழ்களும் கட்டுக்கட்டாகச் சிகாகோ போன்ற பல்கலைக்கழக நூலகங்களுக்குப் போயின. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு, இங்கே கரையான் தின்ற இதழ்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன என்று கேள்விப்பட்டபோது வந்தது சந்தோஷமா அவமானமா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அங்கே தமிழ் சொல்லிக்கொடுக்கவும் பணம் வந்தது, அந்த 1958 பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகத்தான். பனிப்போருக்குத் தமிழும் ஓர் இனம். 2025 மார்ச்சில் அந்த வகை மானியங்களைக் கவனித்த கல்வித்துறை அலுவலகம் ஆட்குறைப்பில் காலியானது. இங்கேயும் சந்தோஷப்படுவதா என்று நண்பரைக் கேட்க வேண்டும்.

ஏனெனில் 2025-ல் வெட்டியவர்கள் கில்கோர் கேட்டதைக் கேட்கவில்லை. மார்ச்சில் கொலம்பியாவின் 40 கோடி டாலர் ரத்தானது. ஜூலையில் அது 20 கோடிக்கு மேல் கட்டவும் நிபந்தனைகளை ஏற்கவும் சம்மதித்தது. ஏப்ரலில் ஹார்வர்டு மறுத்தது. 220 கோடி முடக்கப்பட்டது. யாரைச் சேர்ப்பது, யாரை வேலைக்கு வைப்பது, துறைகளை எப்படி நடத்துவது என்பதெல்லாம் கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. 15 சதவீத வரம்பை ஏப்ரலிலும், ஹார்வர்டின் முடக்கத்தைச் செப்டம்பரிலும் நீதிமன்றங்கள் செல்லாதென்றன. தீர்ப்பு வந்தாலும் பயம் போகுமா? புற்றுநோய் ஆராய்கிறவரின் மானியத்தை நிறுத்தினால் பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுத்த மாணவரை அடக்கலாம் என்ற கண்டுபிடிப்பு இனி மறக்கப்படாது.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது. பிடியை நெய்தது ஒரு கட்சியல்ல. எண்பது ஆண்டுக் கணக்குப் புத்தகம். வியட்நாமுக்கு எதிராக நம்மவர்கள் பிடித்து இழுத்த கயிறும், காசாவுக்காகப் பேசியவர்களின் கழுத்தில் விழுந்த கயிறும் ஒன்றுதான். பணம் நிற்கிறதா வருகிறதா என்பதை மட்டும் பார்த்தால் கயிறு கண்ணில் படாது. கணக்கை யார் எழுதுகிறார்கள், அந்த ஆய்வகத்தைப் பெருக்குகிறவர் அதைப் படிக்க முடியுமா, விளைந்தது யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகளை 1947-லேயே ஒருவர் கேட்டுத் தோற்றிருக்கிறார். நாம் சேர வேண்டிய பக்கம் ஒன்று உண்டென்றால் அந்தத் தோல்வியின் பக்கம்தான்.